சுவரைவிடக் கண்ணாடி அதிகம்: ஹார்ட்விக் ஹாலைக் காப்பது எப்படி?

[திரை: மேற்கு முகப்பு, மாலை வெயிலில் மின்னும் ஜன்னல்கள்]

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு குன்றின் மேல் நிற்கிறது இந்த மாளிகை. "ஹார்ட்விக் ஹாலா? அங்கே சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம்" என்று இதைப் பற்றி ஒரு சொலவடையே உண்டு. 1590களில் கண்ணாடி என்பது செல்வத்தின் அடையாளம். கட்டியவர் எலிசபெத் ஷ்ரூஸ்பரி, ஊர் அறிந்த பெயர் பெஸ் ஆஃப் ஹார்ட்விக். 1590 இறுதியில் அடித்தளம் போட்டு, 1597இல் குடியேறினார். கல்லும் ஈயமும் கண்ணாடியும் பெரும்பாலும் அவருடைய சொந்த நிலங்களிலிருந்தும் தொழில்களிலிருந்தும் வந்தவை. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் ஈ, எஸ் என்ற தன் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தினார். அடக்கம் அவருக்கு வராத குணம் போலும்!

வடிவமைப்பு அக்காலக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்று கருதப்படுகிறது. முகப்பைக் கவனியுங்கள்: மேலே போகப் போக ஜன்னல்களின் உயரம் கூடுகிறது. கீழ்த்தளம் வேலையாட்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, மேல்தளம் அரச விருந்தினருக்கான கூடங்களுக்கு.

[திரை: தளவரைபடம், நடுச்சுவர் சிவப்பு நிறத்தில்]

வெளிச்சுவரில் இவ்வளவு ஓட்டை போட்டால் கட்டடம் எப்படி நிற்கிறது? பாரத்தின் பெரும்பகுதியை வீட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் தடித்த சுவர் தாங்குகிறது. புகைபோக்கிக் குழாய்களும் பெரும்பாலும் அதற்குள்ளேயே ஏறுகின்றன. முகப்பின் சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காக, சில இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் அறையே இல்லை, வெறும் சுவர்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது.

இந்த அழகுக்கு விலை கொடுப்பது உள்ளே தொங்கும் துணிகள்.

[திரை: நீள்கூடம், மங்கலான ஒளி]

ஏறக்குறைய 50 மீட்டர் நீளமுள்ள இந்த நீள்கூடத்தில் பைபிளில் வரும் கிதியோன் கதையைப் படங்களாக நெய்து சொல்லும் 13 நெசவுத் திரைகள் தொங்குகின்றன. முதலாம் எலிசபெத் ராணியின் அமைச்சர் சர் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக நெய்யப்பட்டவற்றை, அவர் இறந்த பின் 1592இல் பெஸ் வாங்கினார். ஹாட்டனின் குலச்சின்னத்தின் மேல் தன் சின்னம் வரைந்த துணியை ஒட்டி மறைத்தார். இந்தத் திரைகளைச் சுத்தம் செய்து, நைந்த இடங்களைத் தாங்குதுணியோடு சேர்த்துத் தைத்து முடிக்க 24 ஆண்டுகள் ஆயின. 2023இல்தான் வேலை நிறைவடைந்தது.

அத்தனை உழைப்பையும் வெயில் அழித்துவிடும். ஒளிச் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. நைந்த நூலைத் தைக்கலாம், போன சாயத்தை மீட்க முடியாது. லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு; அதை மணி நேரத்தால் பெருக்கினால் லக்ஸ்-மணி. எளிதில் மங்கும் துணிகளுக்கு ஆண்டுக்கு 1,50,000 லக்ஸ்-மணி என்பது நடைமுறை வரம்பு. 50 லக்ஸ் வெளிச்சத்தில் இது 3,000 மணி நேரத்துக்குப் போதும். திரை இழுத்துவிடாத ஜன்னலோரத்தில் 10,000 லக்ஸ் விழுந்தால், 15 மணி நேரத்தில் ஓராண்டுப் பங்கு முழுவதும் தீர்ந்துபோகும்! அதனால்தான் ஜன்னல்களில் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் படலமும், அதற்கு உள்ளே வெயிலை மறைக்கும் ஜன்னல் திரைகளும் தேவைப்படுகின்றன. படலம் மட்டும் போதும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தைத் தின்னும்.

ஈரப்பதம் தனிச் சிக்கல். இத்தகைய வீடுகளில் ஹீட்டர் மனிதரின் குளிருக்காக எரிவதில்லை. சார்பு ஈரப்பதத்தை, அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை, 50 முதல் 65 சதவீதத்துக்குள் வைப்பதுதான் அதன் வேலை. 10 டிகிரி செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 15 டிகிரிக்குச் சூடாக்கினால், அது சுமார் 58 சதவீதமாகக் குறையும். 65ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை தலைகாட்டும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் மரம் வெடிக்கும்.

[திரை: ஜன்னல் நெருக்கக் காட்சி, கற்சட்டம், ஈயப் பட்டை]

இனி ஜன்னலைப் பார்ப்போம். சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகள் பிணைக்கின்றன. அந்தப் பலகத்தை ஒரு குறுக்கு இரும்புக் கம்பியோடு செம்புக் கம்பியால் கட்டியிருப்பார்கள். காற்றழுத்தத்தில் ஈயம் தளர்ந்து பலகம் புடைக்கும். கட்டு அறுந்திருந்தால் சீக்கிரமே புடைக்கும். அதைவிட மோசமானது இரும்புக் கம்பியின் முனை. அது கல்லுக்குள் துருப்பிடித்துப் பருத்து, கற்சட்டத்தையே பிளந்துவிடும். அங்கே விரிசலுக்குச் சாந்து பூசுவது வீண்வேலை. கம்பியை எடுத்து, துருவைச் சுரண்டி, முனையை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் மாற்ற வேண்டும். பழைய, அலையலையான கண்ணாடியை எக்காரணம் கொண்டும் தூக்கி எறியக்கூடாது.

கல் இணைப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறு சிமெண்ட். மணற்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை மூச்சுவிடும். சிமெண்ட் அடைத்தால் ஈரம் கல்வழியே வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சரியான முறை இது: இணைப்பின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர், பழைய சாந்தைக் கைக்கருவியால் எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், கல்லின் ஓரம் போய்விடும். தூசியைக் கழுவி, கல்லை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கரடுமுரடான மணல் கலந்த சாந்தைத் திணியுங்கள். சற்று இறுகியதும் விறைப்பான பிரஷ்ஷால் தட்டினால் மேற்பரப்பு திறந்துகொள்ளும். பிறகு ஈரச் சாக்கால் மூடி, நாட்கணக்கில் மெதுவாகக் காயவிட வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே வேலையே தொடங்காதீர்கள்.

[திரை: சட்டப் பக்கம்]

இது முதல் தர, அதாவது கிரேடு ஒன், பாதுகாப்புப் பட்டியல் கட்டடம். அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் இத்தரத்தில் இருப்பவை சுமார் 2.5 சதவீதம் மட்டுமே. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும், உள்ளே செய்தாலும் சரி. அனுமதியின்றிச் செய்தால் அது குற்றம், இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதே பொருளில், அதே முறையில் செய்யும் சிறு பழுதுபார்ப்புக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. ஆனால் எங்கே பழுது முடிந்து மாற்றம் தொடங்குகிறது என்பதை உள்ளூர்த் திட்ட அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் உண்டு. சுவரில் பதித்த பலகைகளைச் சட்டம் காக்கிறது. கழற்றி எடுக்கக்கூடிய நெசவுத் திரைகளைப் பெரும்பாலும் காப்பதில்லை. 1950இல் மாளிகையின் உரிமையாளரான டெவன்ஷயர் கோமகன் இறந்தபோது வாரிசு வரி 80 சதவீதம். அந்த வரிக்கு ஈடாக மாளிகை அரசிடம் போய், 1959இல் பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டின் கைக்கு வந்தது. தனியார் கையில் ஏலத்துக்குப் போயிருந்தால், அந்த 13 திரைகளும் இன்று எத்தனை சுவர்களில் சிதறியிருக்குமோ.