கோல்கீப்பர் எதுக்கு கோல் போடப் போனார்? ஒரு ஸ்டெப்னி இல்லாத கதை!

[திரையில்: மே 16, 2021. வெஸ்ட் பிராம் மைதானம்.]

95-ஆவது நிமிடம். ஸ்கோர் 1-1. லிவர்பூலுக்கு ஒரு கார்னர். கோல்கீப்பர் அலிசன் தன் கோல் போஸ்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வருகிறார். பந்து வருகிறது, தலையால் ஒரே முட்டு. கோல்! அந்த கிளப் தொடங்கியதிலிருந்து, நட்பு ஆட்டங்களை விட்டுவிட்டால், ஒரு கோல்கீப்பர் போட்ட முதல் கோல் அதுதான்.

எல்லோரும் அதை அதிசயம் என்று ஷேர் செய்தார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். முந்தின சீசனில் 99 புள்ளி எடுத்து இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சாம்பியன் ஆன டீம் அது. முதல் நான்கு இடத்துக்குள் வருவதற்கே கோல்கீப்பர் முன்னால் ஓடி வர வேண்டிய நிலைமை எப்படி வந்தது?

வணக்கம் மக்களே. முதலில் போரடிக்கிற பகுதியை முடித்துவிடுகிறேன். நடுவில் நிற்கிற டிஃபெண்டரை நம்ம ஊர் மைதானங்களில் ஸ்டாப்பர் என்போம். பெரும்பாலான டீம்களில் இரண்டு பேர் நிற்பார்கள். பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு 21 வயதைத் தாண்டியவர்களில் 25 பேர் வரை பதிவு செய்யலாம், ஒரு ஆட்டத்தில் இப்போது 5 பேரை மாற்றலாம். பாடம் முடிந்தது, தூங்கினவர்கள் எழுந்திருங்கள்.

2020 கோடையில் லிவர்பூல் தன் நான்காவது ஸ்டாப்பர் லோவ்ரெனை ரஷ்யாவின் ஜெனித் கிளப்புக்கு விற்றது. அந்த இடத்துக்கு இன்னொரு ஆளை வாங்கவில்லை. வான் டைக், கோமஸ், மட்டீப் என்று மூன்று பேர் இருக்கிறார்களே, போதாதா என்ற கணக்கு.

அக்டோபர் 17, எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டோடு மோதி வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கோமஸின் முழங்கால் போனது. ஜனவரி கடைசியில் மட்டீப். மூன்று பேருக்கும் சீசன் முடிந்தது.

இங்கேதான் விஷயம். டிஃபென்ஸில் ஆள் இல்லை என்றால் என்ன ஆகும்? கோல் நிறைய வாங்குவார்கள், அவ்வளவுதானே என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைய ஸ்கோர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்கள் தோற்காமல் இருந்தவர்கள், 2021 ஜனவரியில் பர்ன்லியிடம் 0-1. அப்புறம் பிரைட்டனிடம் 0-1, மான்செஸ்டர் சிட்டியிடம் 1-4, எவர்ட்டனிடம் 0-2, செல்சியிடம் 0-1, ஃபுல்ஹாமிடம் 0-1. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு தோல்வி. அந்த ஆறு ஆட்டத்திலும் சேர்த்து லிவர்பூல் போட்ட கோல் ஒன்றே ஒன்று. அதுவும் சலா போட்ட பெனால்டி!

அடி பட்டது ஸ்டாப்பருக்கு, வறண்டு போனது ஃபார்வர்டு. ஏன்? நடுக்களத்தின் தூண்களான ஃபாபின்யோவையும் ஹென்டர்சனையும் பின்னால் இழுத்து ஸ்டாப்பராக நிறுத்தினார்கள். கூரை ஒழுகுகிறது என்று சுவரிலிருந்து செங்கல்லை உருவின மாதிரி. நடுவில் பந்தைப் பிடுங்கிக் கொடுக்க ஆள் இல்லை, முன்னால் இருக்கிறவனுக்குப் பந்து போகவில்லை. மற்ற காரணங்களும் இருந்தன, கொரோனாவால் காலியாகக் கிடந்த மைதானம் உட்பட. ஆனால் என் கட்சி இதுதான்.

சரி, ஒரு ஆளை வாங்கி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் போதுமா? அதுவும் போதாது. இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது, சிரிக்கக்கூடாது.

ஈசிஆரில் மாமல்லபுரம் போய்விட்டுத் திரும்பும்போது, கோவளம் தாண்டி டயர் பஞ்சர். ராத்திரி பத்தரை மணி. கவலையே படவில்லை, ஸ்டெப்னி இருக்கிறதே! டிக்கியில் கிடந்த ஒரு சாக்கு தேங்காய், பழைய ஷூ, உடைந்த குடை எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி வைத்து, ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். பொக்கென்று உள்ளே போனது. வாங்கின நாளிலிருந்து அதற்குக் காற்றே பார்த்ததில்லை. பஞ்சர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “ஓடுற டயருக்குக் காத்து பாக்குறீங்க, உக்காந்திருக்கிறதுக்கும் பாக்கணும் சார்” என்றார்.

அவர் சொன்னது ஃபுட்பால் பாடம். பெஞ்சில் இருக்கிற ஃபார்வர்டுக்கு வாராவாரம் கடைசி 20 நிமிடமாவது ஆட்டம் கிடைக்கும். டீம் பின்தங்கினால் முதலில் இறக்குவது அவரைத்தான். ஸ்டாப்பரை அப்படி மாற்ற மாட்டார்கள். நன்றாக ஆடுகிற ஜோடியை யார் கலைப்பார்கள்? அதனால் ஸ்டெப்னி ஸ்டாப்பர் மாதக்கணக்கில் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருப்பார். திடீரென்று இறங்கும்போது கால் வேகம் இருக்காது. அதைவிட மோசம், பக்கத்தில் நிற்பவரோடு ஒத்துப்போகாது. அவர் எதிராளியை ஆஃப்சைடு விதியில் மாட்டிவிட ஒரு அடி முன்னால் ஏறுவார், இவர் ஒரு அடி பின்னாலேயே நிற்பார். அந்த ஒரு அடியில் எதிராளி உள்ளே போய்விடுவான்.

காற்று இறங்காத ஸ்டெப்னி ஒருவர் இருந்தார்: ரியல் மாட்ரிட்டின் நாச்சோ. ஸ்டாப்பர், வலது, இடது, எங்கே ஓட்டை விழுந்தாலும் அங்கே நிற்பார். முதல் பதினொன்றில் நிரந்தர இடம் பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் 350 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கிறார், அதனால் கால் துருப்பிடிக்கவே இல்லை. 12 வயதிலேயே டைப் 1 நீரிழிவு என்று தெரிந்தவர். 2023-24 சீசனில் மிலிட்டாவோ, அலாபா இருவருக்கும் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2024 ஜூன் 1 அன்று வெம்ப்ளியில் டார்ட்மண்டை 2-0 என்று ஜெயித்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ருடிகருக்குப் பக்கத்தில் நின்றது நாச்சோ. கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியதும் அவரே, அது அவருக்கு ஆறாவது! இந்த ஒரு ஆளுக்காக மட்டும் லைக் போடுங்கள்.

அர்செனல் ரசிகர்களே, 2023 மார்ச்சில் உங்கள் ஸ்டாப்பர் சலிபா அடிபட்ட பிறகு லீக்கில் முதல் இடம் எப்படிக் கைவிட்டுப் போனது என்று நான் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே வலிக்கும். நம்ம சென்னையின் எஃப்சி 2018 இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் பெங்களூருவை 3-2 என்று ஜெயித்தபோது இரண்டு கோல் போட்ட மெயில்சன் ஆல்வெஸும் ஒரு ஸ்டாப்பர்தான். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

லிவர்பூலுக்கு என்ன ஆச்சு? கடைசியில் நாட் பிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ் என்று இரண்டு பேரை நிறுத்தினார்கள். வில்லியம்ஸ் அதற்கு முந்தின சீசனில் இங்கிலாந்தின் ஆறாவது டிவிஷனில் கிடர்மின்ஸ்டருக்கு ஆடிக்கொண்டிருந்த பையன். இந்த ஜோடி வாராவாரம் ஆட ஆட, ஃபாபின்யோ தன் பழைய இடத்துக்குப் போனார், முன்னால் கோல் விழ ஆரம்பித்தது. பர்ன்லியில் பிலிப்ஸே தலையால் ஒன்று போட்டார். டீம் மூன்றாவது இடத்தில் முடித்தது.

நாளை ராத்திரி 9 மணிக்கு எங்களுக்கு டர்ஃபில் ஆட்டம். எங்கள் ஸ்டாப்பருக்குக் கணுக்கால் சுளுக்கு. “பின்னாடி யார் நிக்கிறீங்க?” என்று குரூப்பில் கேட்டேன். பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும் பதில் போட்டான்: “மச்சி, நான் ஃபார்வர்டு.”