மான் இந்தப் பக்கம் வந்ததா?

(வள்ளிமலை அடிவாரத்தில் பேசியது, எழுத்தில்)

பெரியவர்களே, அக்கா தங்கைகளே, தம்பிகளே, வணக்கம்.

நம் வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள், வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்த பிள்ளை. அவளைத் தேடி முருகன் வேடனாக வந்து கேட்டது என்ன? "மான் ஒன்று இந்தப் பக்கம் ஓடி வந்ததா?" அதே கேள்வியை இன்றைக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, நாட்டுத் துப்பாக்கியோடு நடுராத்திரியில் வருகிறவன் கேட்கிறான். காட்டோரத்து வீடுகளில் யாராவது ஒருவர் கை காட்டியும் விடுகிறோம். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

போன கோடையில், வேலூர் பக்கத்து அமிர்திக் காட்டை ஒட்டிய என் உறவுக்காரர் கொல்லையில் ஒரு பெட்டைப் புள்ளிமான் சிக்கியது. பைக் கிளட்ச் கம்பியில் போட்ட சுருக்கு, பின்னங்காலில். நான் போய்ச் சேர்ந்தபோது கம்பி எட்டின தூரம் வரைக்கும் மண் வட்டமாகக் கிளறிக் கிடந்தது, ராத்திரி முழுக்க அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. குளம்பு ஓரம் பிய்ந்திருந்தது. மடியில் பால் கசிந்துகொண்டிருந்தது, அப்படியென்றால் குட்டி ஒன்று எங்கேயோ புதருக்குள் படுத்துக் காத்திருக்கிறது என்று அர்த்தம். தேடினோம், கிடைக்கவில்லை. வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டோம், வண்டி வர மதியம் ஆகிவிட்டது, அதற்குள் மான் செத்துப்போனது. அந்தப் பால் வாசம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அமிர்திப் பூங்காவுக்குப் போய் மானைக் காட்டுகிறோம். அந்தக் கம்பிவேலிக்குள் நிற்பதும் மான், வெளியே சரிவில் மேய்வதும் மான். அரசு காக்கிற காப்புக்காடு யாருடைய அப்பன் சொத்தும் இல்லை, எல்லாருக்கும் பொதுச்சொத்து.

போன வாரம் ஒரு தம்பி கேட்டான்: "அமெரிக்காவில் பார்க்கிலேயே மானைச் சுட விடுகிறார்களாமே சார், இங்கே மட்டும் ஏன் ஜெயில்?" நியாயமான கேள்வி. வாஷிங்டன் நகரத்துக்குள்ளேயே ராக் கிரீக் பார்க் என்று ஒரு காடு இருக்கிறது, 2013-இலிருந்து அங்கே மானைச் சுட்டுக் குறைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் எப்போதோ ஒழித்துவிட்டார்கள். தின்ன ஆளில்லாமல் வெள்ளைவால் மான் பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்து, புது மரமே எழும்பாத நிலை. அதனால் எத்தனை மான் என்று கணக்கெடுத்து, ஜனங்களிடம் கருத்துக் கேட்டு, அதற்கென்று பழகிய ஆட்களை வைத்து ராத்திரியில் சுடுகிறார்கள், கறி இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடும் இடத்துக்குப் போகிறது. இங்கே யார் எண்ணினார்கள் தம்பி? நம் காட்டில் சிறுத்தை இருக்கிறது. அதன் சாப்பாட்டை நாம் பிடுங்கினால் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆட்டுப்பட்டிக்குத்தான் அது வரும்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்கூட அதைக் கொஞ்சம் விட்டுவைத்தது, 1991 திருத்தத்தில்தான் மூடினார்கள். சுட்டவன் மட்டுமில்லை, கறியை வாங்கி வைத்திருப்பவனும் குற்றவாளிதான். சொந்தக்காரர் கொடுத்தார், ஒரு கிலோதான் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

சரி, மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவன் கதி? அதைச் சொல்லாமல் போனால் நான் பேசியது வீண். ஒரே ராத்திரியில் மான் கூட்டமாக இறங்கிக் கொல்லையை மொட்டையடித்துவிட்டுப் போகும்போது வயிறு எரியும், எனக்கும் எரிந்திருக்கிறது. அதற்காக மின்கம்பியில் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடுகிறோமே, அதில் மான் மட்டுமா சாகிறது? தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷனே செத்திருக்கிறான். வள்ளி தினைப்புனம் காத்தாள், பரண் மேல் நின்று கவண் சுற்றி, ஆலோலம் பாடி விரட்டினாள். நாலு கொல்லைக்காரர்கள் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருந்தால் இன்றைக்கும் நடக்கும். அப்புறம், கோடையில் மான் இறங்குவது பெரும்பாலும் தண்ணீருக்குத்தான், வந்த இடத்தில் நாய் கடித்தும் கிணற்றில் விழுந்தும் ரோட்டில் அடிபட்டும் சாகிறது. காட்டுக்குள் கட்டிவைத்திருக்கும் தொட்டிகளை மாசியிலேயே நிரப்பச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீட்டு மனு எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காட்டோரம் நடந்து சுருக்குக் கம்பிகளைக் கழற்றப் போகிறோம். வனக்காவலர் ஒருவரும் கூட வருகிறார். கட்டிங் பிளேயர் இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள், செருப்பு வேண்டாம், முள் அதிகம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.