200 தாராக்கள் என்றால் என்ன பொருள்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜனவரி மாதத்து அதிகாலைகளில் கொழும்பை அடுத்த தலங்கம குளக்கட்டிலோ பெல்லன்வில-அத்திட்டிய சதுப்பு நிலத்தின் ஓரத்திலோ தொலைநோக்கியும் குறிப்பேடுமாக நிற்பவர்களை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக இந்த மாதத்தில்தான் பல நாடுகளில் பறவைகளை எண்ணுகிறார்கள். அப்படி ஒருவர் தம் குறிப்பேட்டில் 'சீழ்க்கைச் சிறகி 200' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீழ்க்கைச் சிறகி என்பது ஒரு தாரா இனம். அந்த 200 ஐ மட்டும் பார்த்து, குளத்தை ஆழப்படுத்தலாமா, புல்லை வெட்டலாமா என்று முடிவு செய்யலாமா? செய்யக் கூடாது. ஏன் கூடாது, அந்த எண்ணோடு வேறு எவற்றைச் சேர்த்தால் அது முடிவெடுக்க உதவும் என்பதே இன்றைய பேச்சு.

ஒரு குளத்தில் உள்ள தாராக்களின் தொகையை மாற்றுபவை நான்கு: பிறப்பு, இறப்பு, வெளியிலிருந்து வருதல், வெளியே போதல். அடுத்த ஜனவரியில் 200 என்பது 300 ஆனால் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன என்று மகிழ்கிறோம். பக்கத்துச் சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பியதால் அங்கிருந்த 100 பறவைகள் இங்கே ஒதுங்கியிருந்தாலும் அதே 300 தான் வரும். ஒரே எண், நேரெதிரான இரண்டு செய்திகள். ஆகவே தலங்கமவை மட்டும் எண்ணாமல் அத்திட்டிய, தியவன்னா ஓயா, முத்துராஜவெல எல்லாவற்றையும் அதே காலையில், முடியாவிட்டால் அடுத்தடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள், எண்ண வேண்டும். சீழ்க்கைச் சிறகி பகலில் கூட்டமாக ஓய்வெடுத்து, இருள் கவியும்போது வயலுக்கும் ஆழமற்ற நீருக்கும் இரை தேடிப் பறக்கும் பறவை. எண்ணும் நாட்களுக்கிடையே ஒரு வாரம் விட்டால் ஒரே கூட்டத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.

இனி எண்ணும் முறை. காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நீரின் மேல் வெயில் கூசும். வெப்ப அலையில் உருவங்கள் நடுங்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பெரிய கூட்டத்தில் முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தின் மீது பார்வையை நகர்த்த வேண்டும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக மனிதக் கண் குறைத்தே மதிப்பிடும்; பழகியவர்களுக்கும் இது நேரும். ஓர் இனத்தைத் தேடிப் பார்த்தும் காணவில்லை என்றால் பூச்சியம் எழுதுங்கள், கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். பத்து ஆண்டு கழித்துத் தாளைப் புரட்டுபவருக்கு 'பார்த்தோம், இல்லை' என்பதும் 'பார்க்கவே இல்லை' என்பதும் வேறு வேறு.

கண்ணில் படாதவற்றை என்ன செய்வது? குள்ளத்தாரா தாமரை இலைகளுக்கிடையே நின்றால் இலையைப் போலவே தெரியும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு பேர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் சொல்லாமல், கண்ட ஒவ்வொரு கூட்டத்தையும் தத்தம் வரைபடத்தில் குறிக்க வேண்டும். முதலாமவர் 40 கூட்டங்களைக் கண்டார், இரண்டாமவர் 35, இருவரும் கண்டவை 28 என்றால், 40 ஐ 35 ஆல் பெருக்கி 28 ஆல் வகுக்க வேண்டும். விடை 50. இருவரும் சேர்ந்து கண்டது 47. மூன்று கூட்டங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை என்று கணக்குச் சொல்கிறது. இருவரும் பேசிக்கொண்டே எண்ணினால் பொதுவாகக் கண்டவை கூடி, விடை உண்மையைவிடக் குறைந்துவிடும். நண்பர்களாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஆண்டுக்கு ஆண்டு வரும் மாற்றத்தைக் கூட்டிச் சராசரி காண்பதும் பிழையே. 200 பறவைகள் 100 ஆகி, மறுபடி 200 ஆகின்றன. முதலாண்டு 50 வீதம் குறைவு, அடுத்த ஆண்டு 100 வீதம் கூடுதல். சராசரி 25 வீத வளர்ச்சி என்று தாளில் வரும். குளத்திலோ அதே 200 தான் நிற்கிறது. குடித்தொகை பெருக்கலால் மாறுவது. விகிதங்களைப் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். அரை மடங்கையும் இரண்டு மடங்கையும் பெருக்கினால் ஒன்று. அதாவது மாற்றமில்லை.

இனிமேல் சொல்லப் போவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வடக்கிலிருந்து வலசை வருபவை. அவற்றின் கூடுகள் இங்கே இல்லை. அவற்றுக்கு நாம் தரக்கூடியது குளிர்காலத்துக்கு இரையும் அமைதியும்தான். சீழ்க்கைச் சிறகியும் குள்ளத்தாராவும் இங்கேயே முட்டையிடுகின்றன. அவற்றின் பிறப்பும் இறப்பும் முழுவதும் நம் கையில் இருக்கின்றன. இருந்தும் நாம் ஜனவரியில் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகிறோம், கூடுகளைக் கவனிப்பதில்லை.

கூடுகளைக் கவனித்தாலும் ஒரு பொறி உண்டு. 20 கூடுகளைக் கண்டோம், 12 இல் குஞ்சு பொரித்தது, ஆகவே 60 வீத வெற்றி என்று எழுதிவிடுவோம். அது உண்மையைவிட உயர்ந்த எண். முட்டையிட்ட இரண்டாம் நாளே கபரகொய்யா என்ற நீர் உடும்பு தின்றுவிட்ட கூடு நம் கண்ணுக்கு வந்திருக்கவே மாட்டாது. நீண்ட நாள் தப்பியிருந்த கூடுகளையே நாம் பெரும்பாலும் காண்கிறோம். 1961 இல் அமெரிக்கப் பறவை ஆய்வாளர் ஹெரால்ட் மேஃபீல்ட் இதற்கு மாற்று வழி தந்தார்: கூடுகளை எண்ணாமல், கூடுகள் நம் கண்காணிப்பில் இருந்த நாட்களை எண்ணுங்கள் என்றார். எல்லாக் கூடுகளும் சேர்ந்து 200 நாட்கள் கண்காணிப்பில் இருந்தன, அதற்குள் 10 கூடுகள் அழிந்தன என்றால், ஒரு நாளுக்கு 5 வீத இழப்பு. ஒரு நாள் தப்பும் வாய்ப்பு 0.95. சீழ்க்கைச் சிறகி நாளுக்கு ஒன்றாகப் பத்து முட்டை இட்டு, ஏறத்தாழ 23 நாள் அடைகாக்கிறது என்று கொண்டால் மொத்தம் 33 நாட்கள். 0.95 ஐ 33 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 0.18 வரும். நூறு கூட்டில் பதினெட்டுத்தான் பொரிக்கும்.

இப்போது நாளிழப்பை 5 வீதத்திலிருந்து 3 வீதமாகக் குறைத்துப் பாருங்கள். 0.97 ஐ 33 தடவை பெருக்கினால் 0.37. பொரிக்கும் கூடுகள் இரட்டிப்பாகிவிட்டன. தெருநாய்கள் கரைப் புல்லுக்குள் நுழையாதபடி ஒரு வேலி, காகங்களைக் கூட்டும் குப்பைமேட்டை அகற்றல், கடும் மழையில் வான்கதவைத் திறக்கும் நேரத்தைச் சற்றே மாற்றல் என்று சிறு சிறு வேலைகள் நாளொன்றுக்கு 2 வீதத்தை மிச்சப்படுத்தினாலே இந்த விளைவு கிடைக்கும்.

கவனமாக இருக்க வேண்டியது, பார்க்கப் போவதாலேயே கூட்டைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது. நாம் மிதித்த தடத்தை மோப்பம் பிடித்துக் கீரியும் நாயும் வரும். நாம் குனிந்த இடத்தைக் காகம் மேலிருந்து பார்த்திருக்கும். ஐந்து, ஆறு நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போக வேண்டாம். போன வழியே திரும்பாமல் கூட்டைக் கடந்து நேரே நடந்து போய்விடுங்கள். காகம் அருகில் இருந்தால் அன்று பார்க்காமலே விட்டுவிடுங்கள். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இங்கே செல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கூட்டை நெருங்கவோ முட்டையைத் தொடவோ வேண்டாம்.

அனுமதி இல்லாதவர்களும் கரையிலிருந்தே செய்யக்கூடிய நல்ல வேலை குஞ்சு எண்ணுதல். உடல் முழுதும் பஞ்சு மயிர் உள்ளவை முதல் வகுப்பு, இறகு பாதி முளைத்தவை இரண்டாம் வகுப்பு, இறகு நிறைந்தும் இன்னும் பறக்காதவை மூன்றாம் வகுப்பு. ஒரு குடும்பத்துக்கு முதல் வகுப்பில் சராசரி எட்டுக் குஞ்சு, மூன்றாம் வகுப்பில் மூன்று என்றால், இழப்பு கூட்டில் அல்ல, நீரில் நடக்கிறது. அடைகாத்த நாட்களைப் பின்னோக்கிக் கழித்தால் கூடுகட்டும் காலமும் தெரியும். ஏப்ரல் 20 ஆம் திகதி இரண்டு வார வயதுக் குஞ்சுகளைக் கண்டால், குஞ்சின் வயது 14, அடைகாப்பு 23, முட்டையிடல் 10 என 47 நாள் பின்னே போங்கள். முதல் முட்டை மார்ச் 4 ஆம் திகதியை ஒட்டி இட்டது. இதை மாதாமாதம் குறித்துக்கொண்டு வந்தால், மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைச் சதுப்புக்குள் எந்த மாதத்தில் இறக்கக் கூடாது என்று சபைகளுக்குத் திகதியோடு எடுத்துச் சொல்லலாம். ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரே வாரத்தில் முழுக் கரையையும் வழிப்பது குஞ்சுகளின் மறைவிடத்தையும் வழிப்பதாகும். கரையோரத்துப் பட்டுப்போன மரத்தை வெட்டாமல் விட்டுவைப்பதும் இப்படித்தான். குள்ளத்தாரா கூடு வைப்பது மரப்பொந்தில்.

வட அமெரிக்காவில் தாரா வேட்டைக்கு அனுமதி உண்டு. அங்கே 1955 இல் தொடங்கிய மே மாதக் கணக்கெடுப்பில், காலப்போக்கில் பறவைகளோடு குட்டைகளையும் எண்ணத் தொடங்கினார்கள். 1995 முதல் ஐக்கிய அமெரிக்காவில் வேட்டை விதிகளை வகுக்கும் முறையும் மாறியது. வேட்டை கூடுதல் சாவை உண்டாக்குகிறதா, எப்படியும் சாகவிருந்தவற்றைத்தான் எடுக்கிறதா என்று விவாதித்துக் காத்திருக்காமல், போட்டிக் கருத்துகள் ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டுக்கு என்ன எண் சொல்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். உண்மை எண் வந்ததும் எது நெருங்கியதோ அதற்கு எடை கூட்டுவார்கள். நமக்கு வேட்டை இல்லை. ஆனால் முறை பொருந்தும். 'நாய்கள்தான் காரணம்' என்பவரும் 'நீர்மட்டம்தான் காரணம்' என்பவரும், வேலி போட்ட பின் எத்தனை குஞ்சு தப்பும் என்று இப்போதே தனித்தனியே எழுதி வைக்கட்டும்.

நீர்மட்டம் என்றதும் ஒன்று. கொழும்பு 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. இங்குள்ள சதுப்புகள் நகரத்து வெள்ளத்தைத் தாங்குபவை என்பதால் ஒரே இரவில் நீர் ஏறும். தரையோரக் கூடுகள் மூழ்குவதும் அப்போதுதான். ஆகவே எண்ணும் இடத்தில் ஒரு கம்பத்தைச் சென்ரிமீற்றர்க் கோடுகளுடன் நட்டு, ஒவ்வொரு எண்ணிக்கைத் தாளின் தலைப்பிலும் அன்றைய நீரின் அளவை எழுதுங்கள். திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணியவர் எத்தனை பேர், வானிலை ஆகியவற்றை அடுத்த வரியில் எழுதுங்கள். பறவைகள் அதற்குக் கீழே வரட்டும்.

நன்றி, வணக்கம்.