மழைக்கு முன்னால் ஒரு தடவை மாடி ஏறுங்கள்

வணக்கம். உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே கொஞ்சம் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். டீக்கறை மாதிரி பழுப்பாக ஒரு வட்டம் தெரிகிறதா? தெரிந்தால் இன்றைய பேச்சு உங்களுக்குத்தான். தெரியாவிட்டாலும் கேளுங்கள், ஐப்பசி பிறந்தால் அடைமழை.

கடன் வாங்கி வீடு கட்டுகிறோம், பால் காய்ச்சிக் குடிபோகிறோம், அதோடு செலவு முடிந்ததாக நினைக்கிறோம். மாதத் தவணைக்கும் வரிக்கும் பணம் ஒதுக்குகிற நாம் பராமரிப்புக்கென்று எதையும் எடுத்து வைப்பதில்லை. 30 வருடம் கட்டட மேற்பார்வையில் இருந்தவன் சொல்கிறேன், வீட்டைக் கெடுப்பதில் முக்கால்வாசி தண்ணீரின் வேலை.

தஞ்சாவூரில் என் அக்கா வீடு. ஒரு கார்த்திகை மாதம், ராத்திரி பதினோரு மணிக்குப் போன். "தம்பி, கூடத்துல சொட்டுதுடா, மூணு குண்டான் வச்சும் பத்தல." காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் மாடி ஏறினால் கணுக்கால் அளவு தண்ணீர், பக்கத்து வேப்பமரத்து இலையெல்லாம் அதில் மிதக்கிறது. வடிகுழாய் வாயில் கையை விட்டேன். அழுகிய வேப்பிலை, ஒரு ஷாம்பு பாக்கெட், பட்டம் விட்ட நூல் ஒரு சிண்டு, அதற்கும் கீழே பிள்ளைகள் விளையாடிய ரப்பர் பந்து. பந்தை உருவியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆயிரம் சதுரடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர்! அது போக வழியில்லாமல் நின்றால் விரிசல் தேடித்தான் இறங்கும். இறங்கிய ஈரம் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அது தள்ளுகிற தள்ளில்தான் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. அக்கா வீட்டுக் கூடத்தில் சுரண்டி, கம்பியைத் தேய்த்து, மறுபடி பூசி, மேலே மாடித் தளத்தில் பதித்த ஓட்டை, அதாவது தட்டோட்டை மாற்றி முடிக்க 46,000 ரூபாய் ஆனது. மழைக்கு முன்னால் குழாய் வாயைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும்.

அதனால்தான் சொல்கிறேன், கீழே கறை தெரிந்ததும் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், மேலே போய்ப் பாருங்கள். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, சரியா, எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். தட்டோட்டைக் கரண்டிப் பிடியால் தட்டுங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் அந்த ஓடு பிடிப்பு விட்டுவிட்டது, அதை மட்டும் எடுத்துப் பதித்தால் போதும்.

அப்புறம் அரசங்கன்று. காக்கை எச்சத்தில் வந்த விதை கைப்பிடிச் சுவர் வெடிப்பில் முளைத்து நிற்கும். கிள்ளிப் போட்டால் மறுபடி துளிர்க்கும், வேர் சுவருக்குள் பருத்துக்கொண்டே போகும். விரல் நீளம் இருக்கும்போதே, மழை பெய்த ஈரத்தில் வேரோடு உருவி, வெடிப்பைக் கலவை வைத்து அடையுங்கள். அரசமரத்தைப் பிடுங்க மனசு வராது என்பவர்கள் உண்டு, எனக்கும் வராது. குளக்கரையில் கொண்டுபோய் நட்டுவிடுங்கள், அங்கே நன்றாக வளரட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானபோது தோண்டிய குழி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது, மேல் ஜல்லியை எடுத்துக் கழுவிப் போடுங்கள். சம்ப், மேல்தொட்டி இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுங்கள்.

செப்டிக் டேங்க் பற்றித் தனியாகவே பேச நினைத்தேன், இப்போது ஒன்று மட்டும். அது நிறைந்தால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் வாயு நிமிடத்தில் ஆளைக் கொன்றுவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து. மூடியில் விரிசல் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், குழந்தைகள் அதன்மேல்தான் ஓடி விளையாடுவார்கள். வணக்கம்.