கப்பல் மூழ்கப்போகிறது... தலைவர் சொல்கிறார்: "அந்த பேன்ஜோவை விட்டுவிடாதே!"

வணக்கம் நண்பர்களே! பனிக்கட்டிகள் நெருக்கி ஒரு கப்பல் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. இனிப் பனிமேல் இறங்கித்தான் தப்பிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தச் சாமான்தான் என்று கட்டளை. தலைவரே தன்னிடமிருந்த தங்கக் காசுகளைப் பனியில் வீசிவிட்டார். அதே மனிதர், சுமார் 5 கிலோ எடையுள்ள பேன்ஜோ என்ற தந்தி வாத்தியத்தை மட்டும் கட்டாயம் எடுத்துவரச் சொன்னார். ஏன்?

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். கப்பல் 'என்டியூரன்ஸ்', உள்ளே 28 பேர். அண்டார்க்டிகாவைக் குறுக்காகக் கடப்பது திட்டம். 1915 ஜனவரியில் கப்பல் வெட்டல் கடலின் பனியில் சிக்கியது, நவம்பரில் மூழ்கியது. அவர்களால் கண்டத்தில் கால்கூட வைக்க முடியவில்லை.

இப்போது பேன்ஜோ. அது லெனார்ட் ஹஸ்ஸி என்ற வானிலையாளருடையது. 'மனதுக்கு மருந்து, நமக்குத் தேவைப்படும்' என்று சொல்லித்தான் ஷாக்கிள்டன் அதைக் காப்பாற்றினார். அது எப்படித் தேவைப்பட்டது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1916இல் 28 பேரும் படகுகளில் எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். ஷாக்கிள்டனும் 5 பேரும் உதவி தேடிக் கிளம்ப, மீதி 22 பேர் அங்கேயே காத்திருந்தார்கள். இரண்டு படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியில்தான் குடித்தனம். வெளிச்சத்துக்கு மத்தி மீன் டப்பாவில் கொழுப்பு, திரிக்குக் காயம் கட்டும் துணி. எங்கும் கரி, புகை, ஈரம். அங்கே சனிக்கிழமை தோறும் கச்சேரி! பேன்ஜோ ஒலிக்க, ஒவ்வொருவரும் கூட்டத்தில் இன்னொருவரைக் கிண்டல் செய்து பாட வேண்டும். கிண்டல் செய்யப்பட்டவர் கோபித்துக்கொண்டால்? அடுத்த வாரம் அவரைப் பற்றி இன்னும் மோசமான பாட்டு!

என்ன அருமையான விதி பாருங்கள்! மாதக்கணக்கில் ஒரே இடுக்கில் கிடந்தால், ஒருவர் குறட்டை விட்டாலே கைகலப்பு வந்துவிடும். அந்த எரிச்சல் இங்கே பாட்டாக வெளியே வருகிறது. எல்லோருக்கும் முறை வருவதால் ஒருவர் மட்டும் கேலிப்பொருள் ஆவதில்லை. கோபமாகச் சொன்னால் சண்டையாகும் விஷயம், ராகம் போட்டுச் சொன்னால் சிரிப்பாகிவிடுகிறது. திட்டம் கவிழ்ந்த குழு முதலில் உடைவது உள்ளுக்குள்தான், அதைத் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இதே பயணத்தில், கண்டத்தைக் கடந்து வருபவர்களுக்காக மறுகரையில் உணவு வைக்கப் போன இன்னொரு குழுவில் 3 பேர் இறந்தார்கள். சிரித்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல வரவில்லை. சிரிப்போடு வேறொன்றும் வேண்டும்.

அது என்ன? கப்பல் போனதும் ஷாக்கிள்டன் இலக்கையே மாற்றிக்கொண்டார். பழைய குறி கைவிட்டுப் போனதும் மனிதன் உடனே புதிய குறிக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று எழுதியும் வைத்தார். கண்டத்தைக் கடப்பது போயிற்று, சரி, ஆட்களை வீடு சேர்ப்போம். அவரும் 5 பேரும் ஒரு சின்னப் படகில் சுமார் 1300 கிலோமீட்டர் கடந்து தெற்கு ஜார்ஜியா தீவை அடைந்தார்கள்.

அப்புறமும் உடனே வேலை முடியவில்லை. எலிஃபன்ட் தீவுக்கு முதல் கப்பல் கிளம்பியது, பனி மறித்தது, திரும்பியது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. நான்காவதாக 'யெல்ச்சோ' என்ற சிலி நாட்டுக் கப்பலைக் கேட்டு வாங்கினார். 1916 ஆகஸ்ட் 30 அன்று அந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

உங்கள் குழுவில் ஏதாவது பெரிய திட்டம் இப்போது சொதப்பி நிற்கிறதா? இந்த சனிக்கிழமை அந்தப் பாட்டு விதியை முயன்று பாருங்கள். சிரிக்க வைத்த வரியைக் கமென்டில் போடுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.