ஒளிராத கட்டி

வணக்கம். பெட் ஸ்கேன் (உடலில் ஏற்றிய கதிரியக்கப் பொருள் எங்கே தேங்குகிறது என்று காட்டும் படம்) எடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டாக்டர், கட்டி பளிச்சுன்னு தெரியுதா?" என்பதுதான். தெரியவில்லை என்றால் முகம் மலர்ந்துவிடும். கல்லீரல் விஷயத்தில் மட்டும் அந்த மலர்ச்சிக்கு நான் கொஞ்சம் தடை போடுவேன்.

ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் எஃப்.டி.ஜி. என்பது, ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சுமந்த சர்க்கரை. புற்றுநோய் செல்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம், வாரி இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் ஒரு நொதி அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அப்புறம் அது வெளியே வர முடியாது. அங்கேயே தேங்கிப் படத்தில் ஒளிரும்.

ஆனால் நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரலின் வேலையாயிற்றே! அதற்காகவே, ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் இன்னொரு நொதியை அது வைத்திருக்கிறது. கல்லீரல் செல்லிலிருந்தே பிறந்த புற்றுநோய் பல நேரம் இந்தப் பிறவிக்குணத்தை விடுவதில்லை. வாங்கிய சர்க்கரையைத் திருப்பி அனுப்பிவிட்டு, சுற்றியுள்ள கல்லீரலோடு நிறத்தில் கலந்து கிடக்கும். குணம் மாறி மூர்க்கமானவைதான் பெரும்பாலும் ஒளிரும். பித்தநாளப் புற்றுநோயும், பெருங்குடலிலிருந்து பரவி வந்ததும் பொதுவாக ஒளிர்பவைதான்.

இதற்கு ஹாங்காங் மருத்துவர்கள் 2003இல் நல்ல வழி ஒன்றைக் காட்டினார்கள். சர்க்கரையோடு, கார்பன்-11 கலந்த அசிடேட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். வினிகரில் இருக்கிறதே, அந்த வகைப் பொருள்தான். செல் அதைக் கொழுப்பு கட்டப் பயன்படுத்துகிறது. அவர்கள் பார்த்த கல்லீரல் செல் புற்றுக்கட்டிகளில் எஃப்.டி.ஜி. காட்டிக்கொடுத்தது சுமார் 47 விழுக்காடு, அசிடேட் சுமார் 87. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. கட்டி எதை விரும்பி எடுக்கிறது என்பதே அதன் சாதியைச் சொல்லிவிடுகிறது. சங்கடம் என்னவென்றால், கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இல்லாவிட்டால் கதை நடக்காது.

குடலிலோ கணையத்திலோ தொடங்கிக் கல்லீரலுக்கு வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள், அதாவது ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் பிறப்பவை, தனி ரகம். மெதுவாக வளர்பவை சர்க்கரையை அவ்வளவாகச் சீண்டாது. அவற்றின் மேல்பரப்பில் சோமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் நிறைய. அவற்றில் போய் ஒட்டும் மருந்தில் காலியம்-68 என்ற கதிரியக்க அணுவை ஏற்றிக் கொடுத்தால் கட்டி தெரிந்துவிடும். வேடிக்கையாக, அது பாதியாக ஆகும் நேரமும் சுமார் 68 நிமிடம்தான்! அப்படி ஒளிர்ந்தால், காலியத்தை எடுத்துவிட்டு கட்டியைக் கதிரால் தாக்கும் லுட்டீசியம்-177ஐ ஏற்றி, அதே ஏற்பி வழியாகவே சிகிச்சைக்கும் போகலாம்.