கிளிஞ்சல் சுண்ணாம்பும் பிரெஞ்சு மாடியும்

(புதுச்சேரியில் மரபுக் கட்டடங்கள் குறித்து நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்பாகவே வந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்ட மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு வரலாறு கற்பித்தவரும், நான் ஆண்டுகளைப் பிழையாகச் சொன்னால் இன்றும் இருந்த இடத்திலிருந்தே கையை உயர்த்திவிடக்கூடியவருமான பேராசிரியர் ஐயா அவர்களே, தரங்கம்பாடியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சோழமண்டலக் கடற்கரையின் கட்டடங்களில் அயலார் செல்வாக்கு என்பது எனக்குத் தந்த தலைப்பு. கோட்டை, வீடு, வழிபாட்டிடம் என மூன்றாகப் பகுத்துப் பேசுவேன் என்று அழைப்பிதழிலும் அச்சிட்டுவிட்டார்கள்.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இன்றும் நிற்கிறது. அவர்களுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கடல்கடந்த சுமத்திராவின் ஸ்ரீவிஜய மன்னர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்தான். அவ்வூரில் எஞ்சி நின்ற பௌத்தச் செங்கற்கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

வீட்டுக்கு வருகிறேன். பிரெஞ்சு நகரம் என்று நாம் பெருமைப்படும் இவ்வூரின் நேர்கோட்டுத் தெருக்கள், 1693 முதல் 1699 வரை இதை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்த திட்டத்தில் வேர்கொண்டவை. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய வீடுகளைப் பாருங்கள்: கீழே திண்ணை, தெருவை நோக்கிய தாழ்வாரம், மரத்தூண், உள்ளே முற்றம், மாடியிலோ பிரெஞ்சுப் பாணியில் வளைவுச் சன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், பலகை அடைப்புக் கதவு. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது நம் கடலின் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புதான். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

என் தாத்தா வீட்டுக் கதை ஒன்று. நடைச் சுவரின் அடியில் ஓதம் ஏறியிருந்தது. படித்த பொறியாளர் ஒருவர் வந்து, பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுப் பளபளவென்று சிமெண்ட் பூசிக் கொடுத்தார். அப்பா தெருவையே கூட்டிவந்து காட்டினார். இரண்டு மழை போயிற்று. இடுப்பளவில் இருந்த ஈரம் தலைக்கு மேல் ஏறி, சுவர் முழுதும் உப்புப் பூத்து, ஒருநாள் நடுப்பகலில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து, தாத்தாவின் சாய்வு நாற்காலி மேல் விழுந்தது. நல்லவேளை, தாத்தா சாப்பிட எழுந்து போயிருந்தார். பிறகு ஒரு முதிய கொத்தனாரை அழைத்தோம். அவர் சுவரைச் சுரண்டி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இதை மூச்சுவிடாமல் அடைத்துவிட்டீர்களே” என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சுண்ணாம்பை அவர் பூசிய நாளிலிருந்து அந்தச் சுவர் உள்ளே வாங்கும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டு நிற்கிறது. தாத்தா மட்டும் அந்த நாற்காலியில் மறுபடி உட்காரவே இல்லை!

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் பழைய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் கால நகராட்சி மன்றம், சரிந்ததை இங்குள்ள பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். அதே இடத்தில் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டினார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். சுவர் தெரிந்த கொத்தனாரை வைத்துத்தான் சுவரும். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லை மூலைவாட்டில் அடுக்கி மதராஸ் ஒட்டு என்னும் மாடித்தளம் போடத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் சுண்ணாம்பு வேலையைத் தனிப்பாடமாக வைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. உறுப்பினர் அவர்கள் இதைப் பேரவையில் எழுப்ப வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

வழிபாட்டிடங்களுக்கு நேரமில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கற்றூண்களை ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே செல்வாக்கு எதிர்த்திசையில், நம் கோயில் கலையிலிருந்து பள்ளிவாசலுக்கு ஓடியிருக்கிறது.

நான் சொன்ன கொத்தனார் வாயிலில் இருக்கிறார். நீற்றி ஆறவைத்த சுண்ணாம்பும் இரண்டு கரணையும் வைத்திருக்கிறார். கோரிக்கை மனுவும் அதே மேசையில்தான் இருக்கிறது. தேநீருக்கு முன் அங்கே வாருங்கள். வணக்கம்.